உப்பு ஜாடிக்குள் ஒரு டாக்டர்

போன இதழுக்கே எழுதித் தர்றேன்னு சொல்லிட்டு, புராஜெக்ட் ரிவியூவைக் காரணம் காட்டித் தப்பிச்சவன் நான்தான். எடிட்டர் குழு மன்னிக்கணும். இந்த முறை ஒரு டாக்டரோட வாழ்க்கையைச் சொல்லப் போறேன். மருத்துவம் படிக்கிற உங்க ஸ்கூல் ஃப்ரெண்டுகிட்ட இவர் பெயரைச் சொன்னா உடனே தெரியும். நம்மள மாதிரி என்ஜினியரிங் பசங்களுக்குத்தான் தெரியாது. எனக்கும் மூணு மாசம் முன்னாடி வரைக்கும் தெரியாது.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க கழுத்தில், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே விரலை வச்சு எச்சில் விழுங்கிப் பாருங்க. அந்த இடத்தில்தான் வண்ணத்துப்பூச்சி சிறகை விரிச்ச மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. எடை சுமார் 20 கிராம். பெயர் தைராய்டு. நம்ம டாக்டரோட வாழ்க்கையில் பாதி இந்த 20 கிராமுக்காகவே செலவானது.

எங்க ஊர் கூத்தாநல்லூர். தம்ரூட் சாப்பிட்டிருந்தா உங்களுக்கு ஊர் பெயர் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ, பிரசவத்துக்கு முன்கூட்டியே வந்திருந்த அக்கா சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தா. அப்போ ரெண்டாவது மாசம். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு அதிகம்னு வந்திருக்கு. காலையில் வெறும் வயித்தில் ஒரு தைராக்ஸின் மாத்திரை. டாக்டர் அம்மாகிட்ட கேட்ட கேள்விகளில் ஒண்ணு: வீட்டில் என்ன உப்பு போடுறீங்க?

எங்க வீட்டில் கல்லுப்புதான். பக்கத்து மாவட்டம் வேதாரண்யம், உப்பளத்து ஊர். சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வர்ற தாத்தாகிட்ட அம்மாச்சி வெள்ளிக்கிழமை பார்த்து உப்பு வாங்குவாங்க. பீங்கான் ஜாடியில் கொட்டி வைப்பாங்க. பாக்கெட் உப்பு வந்து இவ்வளவு வருஷம் ஆகியும் அம்மாச்சி அதைத் தொட்டதில்லை. போதாக்குறைக்கு, பாக்கெட் உப்பு விஷம்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாசம் ஒருமுறை ஒரு வீடியோ வரும். இது கடல் உப்பு, கடலில் இல்லாத அயோடினா என்பது அம்மாச்சியோட வாதம். நியாயமான வாதம்தானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். சரி, படிச்சுப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். எங்கே தேடினாலும் ஒரே பெயர் வந்து நின்னது: வுலிமிரி ராமலிங்கசுவாமி.

1921 ஆகஸ்ட் 8 அன்று ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். இன்னைக்கு அது ஆந்திரா. அப்போ அதுவும் நம்ம சென்னை மாகாணம்தான். விசாகப்பட்டினத்தில் ஆந்திர மருத்துவக் கல்லூரியில் படித்து 1944-ல் எம்.பி.பி.எஸ்., 1946-ல் எம்.டி. முடித்தார். அந்தக் காலத்தில் எம்.டி. முடிச்ச டாக்டர் சொந்த ஊரில் கிளினிக் வச்சா, வாசலில் கூட்டம் நிற்கும். இவர் தேர்ந்தெடுத்தது நோயியல். நோயாளியோட முகத்தைவிட மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே இருக்கும் திசுவை அதிகம் பார்க்கிற துறை. நோய் எப்படி வருது என்பதைவிட ஏன் வருது என்ற கேள்விதான் அவரை இழுத்தது.

வேலைக்கு வந்தது நம்ம குன்னூருக்கு. ஊட்டி டூர் போகும்போது நாம ஜன்னல் வழியா பார்த்துட்டுக் கடந்து போற அதே குன்னூர். அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் ஒரே ஒரு அறையில் 1918-ல் தொடங்கின ஆராய்ச்சிதான் பிறகு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமா வளர்ந்தது. தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர். முதல் வேலை பெரிபெரி நோய். தீட்டின பச்சரிசியையே நம்பி இருக்கிறவங்களுக்கு வர்ற நோய் அது. நெல் விளையுற டெல்டாக்காரங்க நாம இந்தக் கதையைத் தனியா இன்னொரு நாள் பேசணும்.

இந்த மெக்காரிசனுக்கு ஒரு பழைய கதை உண்டு. குன்னூருக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் இமயமலைப் பக்கம் கில்கிட்டில் இருந்தார். அங்கே ஊர் ஊரா மக்களுக்குக் கழுத்தில் வீக்கம். நம்ம ஊரில் கண்டமாலைன்னும் கழுத்துக்கழலைன்னும் சொல்றதில் இதுவும் அடங்கும். குடிக்கிற தண்ணியில் இருக்கும் ஏதோ கிருமிதான் காரணம்னு அவர் நம்பினார். நம்பினதோட விடலை. அந்தத் தண்ணியின் வண்டலைத் தானே குடிச்சுப் பார்த்தார். துணிச்சலான ஆள்தான், ஆனா காரணம் அது இல்லை. அவர் ஆரம்பிச்ச அதே கூடத்தில் பின்னாளில் வேலை பார்த்த ராமலிங்கசுவாமிதான் இமயமலைக் கழலைக்கு விடை சொல்லப் போறார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, தைராய்டு எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வச்சவங்களும் பயப்பட வேண்டாம், இது சுலபம்.

நரம்பு ஒரு வயர் மாதிரி. ஒரு இடத்தில் கிளம்பி இன்னொரு இடத்தில் முடியும். ஹார்மோனுக்கு வயரே கிடையாது. சுரப்பி அதை நேரா ரத்தத்தில் விட்டுடும், ரத்தம் உடம்பு முழுக்கக் கொண்டுபோகும். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்பு வருதுன்னு வச்சுக்குவோம். காதில் விழறது எல்லாருக்கும்தான். ஆனா திருவாரூர் பஸ் கிளம்புதுன்னா திருவாரூர் போறவங்க மட்டும்தான் பையைத் தூக்குவாங்க. அது மாதிரி அந்தந்த ஹார்மோனுக்கான ஏற்பி எந்தச் செல்லில் இருக்கோ, அந்தச் செல் மட்டும்தான் அசையும். கணையத்தின் இன்சுலின், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்கள், எல்லாத்துக்கும் இதே ஏற்பாடுதான். தைராய்டு ஹார்மோன் விஷயத்தில் ஒரு விசேஷம்: அதோட அறிவிப்புக்கு உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லுமே எழுந்து நிற்கும். எவ்வளவு வேகமா எரிபொருளை எரிக்கணும், இதயம் எவ்வளவு வேகமா துடிக்கணும், குழந்தையோட மூளை எப்படி வளரணும், எல்லாத்திலும் அதுக்குப் பங்கு உண்டு.

அளவைக் கட்டுப்படுத்துறது யார்? மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்குற பிட்யூட்டரி. ரத்தத்தில் தைராக்ஸின் குறைஞ்சா பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமா அனுப்பும். தைராய்டு வேலையைக் கூட்டும். தைராக்ஸின் போதுமான அளவுக்கு வந்ததும் டி.எஸ்.எச். குறையும். மொட்டை மாடி டேங்க்கில் மிதவை வச்சு மோட்டரைத் தானா ஓட வச்சு நிறுத்துற அதே நெகட்டிவ் ஃபீட்பேக்.

இப்போ போர்வெல்லில் தண்ணியே இல்லைன்னு வைங்க. டேங்க் நிறையாது. மிதவை மேலே வராது. மோட்டர் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். தைராக்ஸின் மூலக்கூறு ஒவ்வொண்ணுக்கும் நாலு அயோடின் அணுக்கள் வேணும். சாப்பாட்டில் அயோடின் இல்லைன்னா பிட்யூட்டரி கத்திக்கிட்டே இருக்கும், தைராய்டு தன்னால் முடிஞ்ச ஒரே காரியத்தைச் செய்யும்: வளரும். கொஞ்சநஞ்ச அயோடினையும் பிடிச்சு வச்சுக்கத் தன்னையே பெரிசாக்கிக்கும். அந்த வளர்ச்சிதான் கழுத்து வீக்கம். ஆக, வீங்கின கழுத்து ஒரு சோம்பேறிச் சுரப்பியோட அடையாளம் கிடையாது. மூலப்பொருள் இல்லாம ஓவர்டைம் பார்க்கிற தொழிலாளியோட கழுத்து அது.

ராமலிங்கசுவாமி குன்னூரில் வேலை பார்த்த காலத்திலேயே ஆக்ஸ்போர்டு போய் 1951-ல் டி.ஃபில். பட்டம் வாங்கினார். அப்புறம் டெல்லி. அங்கே புதுசா தொடங்கியிருந்த எய்ம்ஸில் நோயியல் பேராசிரியர். லேபில் உட்கார்ந்துகொண்டே பெரிய ஆள் ஆகியிருக்கலாம். ஆனா அவர் பார்வை போனது காங்ரா பள்ளத்தாக்குக்கு. இன்னைக்கு இமாச்சலப் பிரதேசம், அப்போ பஞ்சாப். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேருக்குக் கழுத்து வீக்கம்.

மலையில் ஏன் அயோடின் இல்லை? பனியும் மழையும் ஆயிரக்கணக்கான வருஷமா மேல்மண்ணைக் கழுவிக் கடலுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. மண்ணில் இல்லாதது பயிரில் இருக்காது, பயிரில் இல்லாதது பாலிலும் இருக்காது. அங்கேயே விளைஞ்சதைச் சாப்பிடுறவங்களுக்கு எந்த வழியா வரும்?

அயோடின் உப்பு கழலையைத் தடுக்கும்னு சுவிட்சர்லாந்தும் அமெரிக்காவும் 1920-களிலேயே கண்டிருந்தாங்க. அப்புறம் காங்ராவில் புதுசா நிரூபிக்க என்ன இருக்குன்னு நீங்க கேட்கலாம். நிறைய இருந்தது. நம்ம ஊர் உப்பு ஈரம் கசியுற பெருங்கல் உப்பு. சாக்கு மூட்டையில் ரயிலேறி மலையேறிப் போகணும். அதுவரைக்கும் அயோடின் தங்குமா? தங்கினாலும், சத்துக் குறைவான சாப்பாட்டில் வளர்ற பிள்ளைகளுக்கு அது மட்டும் போதுமா? மெக்காரிசன் சொன்ன மாதிரி தண்ணிதான் காரணமா இருந்தா?

1956-ல் சோதனை தொடங்கிச்சு. சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த பகுதியை மூணு மண்டலமா பிரிச்சாங்க. ஏ மண்டலத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்த உப்பு. சி மண்டலத்துக்குப் பொட்டாசியம் அயோடேட் சேர்த்த உப்பு. நடுவில் பி மண்டலத்துக்குச் சாதாரண உப்பு. வேற எதையும் மாத்தலை. அதே தண்ணி, அதே சாப்பாடு, அதே வறுமை. பிறகு டாக்டர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய், ஒவ்வொரு பிள்ளையோட கழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துக் கணக்கு எழுதினாங்க. இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் நீங்க தொட்டீங்களே, அதே இடம்தான்.

வருஷங்கள் போச்சு. ஏ, சி ரெண்டு மண்டலத்திலும் கழலை பாதியா குறைஞ்சது, இன்னும் குறைஞ்சுக்கிட்டே வந்தது. பி மண்டலத்தில் அசையவே இல்லை. இதுக்கு நடுவே 1961-ல் லான்செட் இதழில் ராமலிங்கசுவாமியும் சகாக்களும் இன்னொரு ஆதாரத்தையும் வெளியிட்டாங்க. கதிரியக்க அயோடினை மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தப்போ, இமயமலை மக்களின் தைராய்டு அதைப் பசியோட பறிச்சு எடுத்துக்கொண்டது. கிருமி இல்லை, தண்ணியின் வண்டல் இல்லை. அயோடின் பட்டினி.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு இடத்தில் உறுத்தினது. பி மண்டலத்துப் பிள்ளைகள்? ஏறக்குறைய ஆறு வருஷம் அவங்களுக்குச் சாதாரண உப்புதானே கிடைச்சது. பி மண்டலம் இல்லைன்னா, நாடு முன்னேறுது, சாப்பாடு மேம்படுது, அதனால் கழலை தானா குறையுதுன்னு யாராவது சொல்லிட்டுப் போயிருப்பாங்க. எந்த அரசாங்கமும் நாடு முழுக்க உப்பை மாத்தப் பணம் ஒதுக்கியிருக்காது. அந்த வாதம் எனக்குப் புரியுது. ஆனாலும் அந்த ஆறு வருஷத்தில் அங்கே பிறந்த ஒரு குழந்தையோட அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க? என்கிட்ட பதில் இல்லை. 1962-ல் பி மண்டலத்துக்கும் அயோடின் உப்பு போச்சு. 1968-க்குள் அங்கேயும் கழலை வெகுவா குறைஞ்சது.

ஏன் குழந்தையோட அம்மான்னு குறிப்பா சொன்னேன்? கழுத்து வீக்கம் வெளியே தெரியுற பாதிப்பு. உள்ளே நடக்கிறதுதான் பயங்கரம். வயித்தில் இருக்கும் சிசுவோட தைராய்டு முதல் மூணு மாசம் ஹார்மோன் சுரக்கிற நிலையில் இருக்காது. அதுவரைக்கும் மூளை வளர்றதுக்கு அம்மாவோட தைராக்ஸின்தான் கதி. அம்மாவுக்கு அயோடின் கடுமையா குறைஞ்சா, குழந்தை காது கேட்காம, பேச்சு வராம, அறிவு வளர்ச்சி இல்லாம பிறக்கலாம். பிறகு எவ்வளவு அயோடின் கொடுத்தாலும் அந்த மூளையைத் திருப்பி எழுத முடியாது. பின்னாளில் ராமலிங்கசுவாமியும் அவரோட சகாக்களும் உத்தரப் பிரதேசத்தில் இமயமலை அடிவார மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிச்சாங்க. கேரளக் குழந்தைகளோட ஒப்பிட்டா, அங்கே தைராக்ஸின் குறைவோட பிறக்கும் குழந்தைகள் பல மடங்கு அதிகம். கழுத்தில் வீக்கம் இல்லாத பாதிப்பு அது. கழுத்தைத் தொட்டு எண்ணினவர் இப்போ எண்ண வேண்டியிருந்தது, கணக்கு வராத பிள்ளைகளையும் பள்ளிக்கே வராத பிள்ளைகளையும்.

காங்ரா முடிவுகள் வந்துக்கிட்டிருந்த 1962-லேயே தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கினது. கதை இங்கே சுபமா முடிஞ்சிருக்கணும். முடியலை. மலைப்பகுதிக்கு மட்டும்னு ஆரம்பிச்ச திட்டம் இருபது வருஷம் நத்தையா நகர்ந்தது. அயோடின் உப்பு தேவையான அளவுக்குத் தயாராகலை. இதுக்கிடையில் ராமலிங்கசுவாமி 1965-ல் பட்நாகர் விருது வாங்கினார், 1969-லிருந்து பத்து வருஷம் எய்ம்ஸ் இயக்குநரா இருந்தார், 1979-லிருந்து 1986 வரை ஐ.சி.எம்.ஆர். தலைமைப் பொறுப்பில் இருந்தார், 1986-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நாட்டில் எல்லாருக்கும் அயோடின் உப்பு என்ற முடிவு வந்ததும் அந்த 1980-களின் நடுவில்தான். மலைநாட்டு நோய்னு ஒதுக்கி வச்சது சமவெளியிலும் இருக்குன்னு தெரிய ஆரம்பிச்ச காலம் அது.

1998-ல், சாப்பாட்டுக்கு அயோடின் இல்லாத உப்பை விற்க நாடு முழுக்கத் தடை வந்தது. 2000-ல் அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. சிறு உப்பு உற்பத்தியாளர்கள் எதிர்த்தாங்க. எந்த உப்பைச் சாப்பிடணும்னு அரசாங்கம் சொல்லக்கூடாதுன்னு வாதம் வந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பெடுத்த நாடு இது. நம்ம டெல்டா வழியாத்தான் அந்த ஊர்வலம் போச்சு. உப்பு விஷயத்தில் நம்ம ஆட்களுக்குக் கோபம் வர்றதை நான் குறை சொல்ல மாட்டேன்.

2001 மே 28 அன்று ராமலிங்கசுவாமி காலமானார். அப்போ தடை விலகித்தான் இருந்தது. அது திரும்ப வந்தது 2006-ல். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே விஷயத்துக்கு ஆதாரம் சேர்த்தவர், அது கைநழுவிப் போன இடைவெளியில் கண்ணை மூடினார். நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்ச கதை. நான் சாப்பிட்ட ஒவ்வொரு ஹாஸ்டல் சாம்பாரிலும் இந்த மனுஷனோட வேலை இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியலை.

சரி, அம்மாச்சியோட வாதத்துக்கு வருவோம். கடலில் அயோடின் இருக்கு, உண்மை. ஆனா பாத்தியில் தண்ணி வத்தி உப்பு படிகமாகும்போது அயோடின் அந்தப் படிகத்தோட பெரும்பாலும் சேராது. காற்றோடவும் மிஞ்சுற கசப்பு நீரோடவும் போயிடும். அதனால் கடலுப்பில் தேறுறது ரொம்பச் சொற்பம். இதை நான் சொன்னா அம்மாச்சி நம்பணுமே? லீவு முடிஞ்சு வரும்போது ஜாடியிலிருந்து ஒரு பொட்டலம், கடையில் வாங்கின அயோடின் உப்பு ஒரு பொட்டலம், ரெண்டையும் கொண்டுவந்தேன். கெமிஸ்ட்ரி லேப் அண்ணனைக் கெஞ்சி ரெண்டு டெஸ்ட் டியூப் வாங்கினேன். தண்ணியில் கரைச்சு, கொஞ்சம் நீர்த்த அமிலம், பொட்டாசியம் அயோடைடு, ஸ்டார்ச். முதலாம் ஆண்டில் நாம எல்லாரும் வேண்டாவெறுப்பா பண்ணின அதே அயோடோமெட்ரி. பாக்கெட் உப்பு கண்ணெதிரே நீலமாச்சு. எங்க வீட்டு உப்பு தண்ணி மாதிரியே நின்னது. அதைப் பார்த்தப்போதான் எனக்கு உறைச்சது, எங்க வீடு இத்தனை வருஷமும் ஒரு பி மண்டலமா இருந்திருக்கு.

போட்டோ எடுத்து அம்மாச்சிக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை.

இங்கே ஒண்ணு தெளிவா சொல்லிடணும். அக்காவோட தைராய்டு பிரச்சினைக்கு உப்பு காரணம் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குற வகை அது. இன்னைக்கு நிறைய பெண்களுக்கு வர்றது அந்த வகைதான். அதுக்கு மாத்திரைதான் வழி, உப்பை மாத்தினா சரியாகாது. அதுக்காக அயோடின் தேவை போயிடாது. கர்ப்பிணிக்கு அது இன்னும் கூடுதலாவே வேணும். அதே சமயம் அயோடினுக்காக உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிடவும் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். போடுற உப்பு அயோடின் உப்பா இருந்தா போதும்.

எவ்வளவு தேவைன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். 365-ஆல் பெருக்குங்க, எழுபது வருஷத்தால் பெருக்குங்க. நாலு கிராம்கூட வராது. வாழ்நாள் முழுக்கத் தேவையானது மொத்தமும் ஒரு டீஸ்பூனை நிறைக்காது. ஆனா மொத்தமா ஒரே நாளில் சாப்பிட்டுட முடியாது. தினமும் துளித்துளியா வரணும். தினமும் தவறாம எல்லார் வீட்டிலும் சமையலில் சேர்ற பொருள் எது? உப்புதான். மருந்தை மக்கள்கிட்ட கொண்டுபோற டெலிவரி சிஸ்டம்னு பார்த்தா இதைவிட எளிமையான டிசைனை நான் நாலு வருஷத்தில் படிக்கலை.

இன்னைக்கே உங்க வீட்டுக்கோ ரூமுக்கோ போனதும் உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சிரிக்கிற சூரியன் முத்திரை இருக்கும், அது அயோடின் உப்பின் அடையாளம். கல்லுப்புதான் வேணும்னா கல்லுப்பிலேயும் அயோடின் சேர்த்தது பாக்கெட்டில் கிடைக்குது. மூடி போட்டு, அடுப்புக்கும் ஈரத்துக்கும் தள்ளி வையுங்க.

அக்காவுக்கு இப்போ ஏழாவது மாசம் நடக்குது. போன ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்துடுச்சு. மாத்திரை தொடருது. வளைகாப்புக்கு ஊருக்குப் போயிருந்தேன். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம்னு அடுப்படியில் அம்மாச்சிதான் தலைமை. உப்பு போடும்போது எட்டிப் பார்த்தேன். கையில் சூரியன் போட்ட பாக்கெட். என்னைப் பார்த்ததும் ஒண்ணும் சொல்லாம முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

பீங்கான் ஜாடி அதே இடத்தில்தான் இருக்கு. சைக்கிள் தாத்தாகிட்ட உப்பு வாங்குறதும் நிக்கலை. சடங்கு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் அதிலிருந்து ஒரு கைப்பிடி கல்லுப்பை எடுத்து, மிளகாயோட சேர்த்து, அக்காவுக்குத் திருஷ்டி சுத்திப் போட்டாங்க.